தேய்ந்த மூட்டு திரும்ப வளருமா? முதுமையில் உடல் தன்னைத் தானே சரிசெய்வது எப்படி? ஸ்டெம் செல் சிகிச்சையின் உண்மை நிலவரம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் கூட்டம் அலைமோதும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்த தலம் என்பது ஐதீகம். அந்தத் தவத்தை நினைத்து பக்தர்கள் சங்கரநாராயண சுவாமி கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இதற்கு 'ஆடிச்சுற்று' என்றே பெயர்.

ஆனால் அறுபதைத் தாண்டிய பலருக்கு ஆடிச்சுற்று என்றதும் முதலில் நினைவுக்கு வருவது முழங்கால்தான். "சுத்தணும்னு ஆசைதான், முட்டு விடமாட்டேங்குதே" என்ற புலம்பலை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். விசைத்தறிக்கூடத்தில் பல ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர்களுக்கும், விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் பெண்களுக்கும் இந்த வலி நன்றாகவே தெரியும்.

இந்த நிலையில்தான் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. "ஒரே ஊசி, தேய்ந்த மூட்டு மீண்டும் வளரும், ஆபரேஷன் வேண்டாம்". செலவு லட்சக்கணக்கில். நகையை அடகு வைத்தாவது அம்மாவுக்கு அந்த ஊசியைப் போட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

அந்த ஊசிக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எந்த அளவுக்கு உண்மை? எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

மீளுருவாக்க மருத்துவம் என்றால் என்ன?

வழக்கமான மருத்துவம் நோயை அடக்கும், வலியைக் குறைக்கும், கெட்டுப்போன உறுப்பை வெட்டி எடுக்கும் அல்லது மாற்றும். ரீஜெனரேட்டிவ் மெடிசின் எனப்படும் மீளுருவாக்க மருத்துவத்தின் வழி வேறு. உடலுக்கு ஏற்கனவே இருக்கும் 'தானே சரிசெய்யும்' திறனைத் தூண்டிவிடுவது, அல்லது அதற்குத் தேவையான செல்களை வெளியில் இருந்து கொடுப்பது. இதுதான் அதன் அடிப்படை.

'உடம்பைப் புதுப்பிக்க வேண்டும்' என்ற ஆசை நமக்குப் புதியதல்ல. சித்த மருத்துவம் இதைக் காயகற்பம் என்றது. பாம்பாட்டிச் சித்தரின் ஜீவசமாதி இருப்பதாக நம்பப்படும் ஊர் சங்கரன்கோவில். கோயில் புற்றுமண்ணைப் பூசினால் நோய் தீரும் என்ற நம்பிக்கையும் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. இன்றைய ஆய்வுக்கூடங்கள் அதே ஆசையைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்க்கின்றன. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் கேட்கப்படும்.

நம் உடல் தினமும் என்ன வேலை பார்க்கிறது?

நாம் தூங்கும்போதும் உடலுக்குள் பராமரிப்பு வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

- ரத்தம்: ஒரு ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.
- குடல்: குடலின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது.
- தோல்: மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மாறுகிறது.
- எலும்பு: ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு கரைந்து, அந்த இடத்தில் புதிது உருவாகிறது.
- கல்லீரல்: தானம் கொடுப்பவரிடம் இருந்து பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும், சில மாதங்களில் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பவை ஸ்டெம் செல்கள். நாற்றங்காலில் இருக்கும் நாற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது பிரிந்து, ரத்த அணுவாகவோ, தோலாகவோ, குடல் செல்லாகவோ மாறும். கூடவே தன்னைப் போலவே இன்னொரு செல்லையும் விட்டுச்செல்லும். அதனால் நாற்றங்கால் காலியாகாது. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பதைக் கனடா விஞ்ஞானிகள் டில், மெக்கலாக் இருவரும் 1961ல் நிரூபித்தார்கள்.

அப்படியென்றால் மூட்டு மட்டும் ஏன் வளர்வதில்லை?

எல்லா உறுப்புக்கும் ஒரே அளவு திறன் கிடையாது. சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

முழங்காலில் இரண்டு எலும்புகளும் உரசாமல் இருக்க, நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. இதற்குள் ரத்தக்குழாயே கிடையாது. காயம் பட்டால் ரத்தம் வழியாகத்தான் பழுதுபார்க்கும் செல்கள் வரும். ரத்த ஓட்டமே இல்லாத இடத்துக்கு யார் வருவது? அதனால்தான் உடைந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடுகிறது, தேய்ந்த குருத்தெலும்பு அப்படியே நிற்கிறது.

இதயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 25 வயதில் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே புதிதாகின்றன. 75 வயதில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று 2009ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மாரடைப்பில் செத்துப்போன தசைக்குப் பதிலாக அங்கே தழும்பு மட்டுமே உருவாகும்.

பல்லிக்கு வால் முளைக்கும், மனிதனுக்கு விரல் முளைக்காது. இந்த இடைவெளியை எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்பதே மீளுருவாக்க மருத்துவத்தின் கேள்வி.

வயதானால் என்ன ஆகிறது?

முதுமை என்பது ஒரே நாளில் வரும் நோயல்ல. பழுதாகும் வேகம் கூடி, பழுதுபார்க்கும் வேகம் குறைவதுதான் முதுமை.

மனிதச் செல்கள் ஆய்வகத்தில் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்பதை அமெரிக்க விஞ்ஞானி லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961ல் காட்டினார். குரோமோசோம்களின் நுனியில் உள்ள டெலோமியர் என்ற பகுதி, ஷூ லேஸ் நுனியில் உள்ள பிளாஸ்டிக் உறை மாதிரி. செல் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் தேயும். டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்காக 3 பேருக்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிவதை நிறுத்திய செல்களில் சில சாகாமல் அப்படியே தங்கிவிடும். சும்மாவும் இருக்காது. பக்கத்துச் செல்களைப் பாதிக்கும் அழற்சிப் பொருட்களை வெளியிடும். ஸ்டெம் செல்களும் மந்தமாகிவிடும். இதோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கப்பட்டு, காலில் வந்த சின்னப் புண்கூட மாதக்கணக்கில் ஆறாமல் இழுக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது தள்ளிப்போடக்கூடிய விஷயமல்ல. 2021 கணிப்பின்படி மாநில மக்கள் தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான். 2031ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது.

உண்மையிலேயே பலன் தரும் சிகிச்சைகள் எவை?

ஸ்டெம் செல் சிகிச்சை என்றாலே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. நிரூபிக்கப்பட்டவை இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே நடக்கின்றன.

1. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களுக்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதலே செய்யப்படுகிறது. கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போல ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய் இடம்பிடித்து, புது ரத்தத்தை உருவாக்கத் தொடங்கும்.

2. வேலூர் சாதனை

ரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகளுக்கு மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். இளம் வயதிலேயே முழங்கால் பாழாகிவிடும். இதற்காக வேலூர் சிஎம்சியில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் ஒரு புதிய வழியை முயன்றது. நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அதில் இல்லாத மரபணுவைச் சேர்த்து, திரும்பவும் அவருக்கே செலுத்தினார்கள். 5 பேருக்கு இந்தச் சிகிச்சை தரப்பட்டது. கண்காணிப்புக் காலத்தில் 5 பேருக்குமே ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒன்று அது.

3. கருவிழி சிகிச்சை

கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் அதைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. வெற்றிலைச் சுண்ணாம்போ, ஆசிடோ கண்ணில் பட்டால் அவை அழிந்து பார்வை மங்கும். நல்ல கண்ணில் இருந்து சில மில்லிமீட்டர் திசுவை எடுத்து, துண்டுகளாக்கி, பாதித்த கண்ணில் வைத்து வளர்க்கும் எளிய முறையை ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2012ல் வெளியிட்டார்கள். இதற்குப் பெரிய ஆய்வகம்கூடத் தேவையில்லை. ஒரு கண்ணாவது நன்றாக இருந்தால்தான் இந்த முறை கைகொடுக்கும்.

மூட்டு ஊசி: நிலவரம் என்ன?

இனி சங்கரன்கோவில் வீடுகளின் கேள்விக்கு வரலாம்.

இந்தியாவில் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி இருக்கிறது. பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த 'ஸ்டெம்பியூசெல்' மருந்துக்கு 2022ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. ஆரோக்கியமான கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்கள் இவை. 146 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு கழித்து வலியும் விறைப்பும் குறைந்ததாக முடிவு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த ஆய்வு நடந்தது ஆரம்ப, நடுத்தர நிலைத் தேய்மானத்தில்தான். எலும்போடு எலும்பு உரசும் கடைசி நிலைக்கு அல்ல. இரண்டு, வலி குறைவது வேறு, தேய்ந்த குருத்தெலும்பு முழுசாக முளைப்பது வேறு.

மற்ற நாடுகளின் ஆய்வுகளும் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் சுமார் 475 பேரிடம், மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்றில் இருந்தும் எடுத்த செல்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, செல் ஊசிகள் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலானதாக இல்லை. இது 2023ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது.

பிஆர்பி ஊசியும் ஸ்டெம் செல்லும் ஒன்றா?

இல்லவே இல்லை. பிஆர்பி என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டில் போடுவது. அதில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில், முழங்காலில் பிஆர்பி போட்டவர்களுக்கும் வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டவர்களுக்கும் ஓராண்டு கழித்து வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது 2021ல் வெளியான முடிவு. பிஆர்பி போட்டுக்கொண்டு "ஸ்டெம் செல் போட்டாச்சு" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தவறான இடத்தில் போனால் என்ன ஆகும்?

"பலன் இல்லாட்டியும் பாதிப்பு வராதுல்ல?" என்று பலர் கேட்கிறார்கள். வரும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் முதுமையால் விழித்திரை பாதித்த 3 பெண்கள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அவர்களின் கொழுப்பில் இருந்து எடுத்த செல்களை இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டார்கள். ஓரளவு இருந்த பார்வையும் கடுமையாகப் பறிபோனது. 70 வயதைத் தாண்டிய இந்த மூவரின் கதை 2017ல் மருத்துவ இதழில் பதிவானது. சிகிச்சைக்கு அவர்களே பணமும் கட்டியிருந்தார்கள்.

அதே விழித்திரை நோய்க்கு ஜப்பான் எப்படி முயன்றது தெரியுமா? சாதாரண தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றும் வித்தையை ஷின்யா யமனாகா 2006ல் கண்டுபிடித்தார். 2012ல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் வளர்த்த விழித்திரைச் செல்களை 2014ல் 70 வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். அதுவும் ஒரே ஒருவருக்கு, பல கட்டப் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு. ஒரே நோய், ஒரே ஆசை. அணுகுமுறை மட்டும்தான் வேறு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்ற பயன்பாடு எல்லாம் ஆராய்ச்சி நிலை. முறையான அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே செய்யலாம். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக ஒப்புதல் தந்த மருந்துகள் மட்டும் இதில் சேராது.

ஆய்வு என்றால் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வின் காரணமாகப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். "இது ஆராய்ச்சி, ஆனா மூணு லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. போடப்போவது ஸ்டெம் செல்லா, பிஆர்பியா? மருந்தின் பெயரை எழுதித் தருவீர்களா?
2. என்னுடைய நோய்க்கு இந்த மருந்துக்கு இந்தியாவில் ஒப்புதல் இருக்கிறதா?
3. ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவகத்தில் பதிவு எண் என்ன? (பதிவகம் இணையத்தில் உள்ளது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.)
4. என் மூட்டுத் தேய்மானம் எந்த நிலை? அந்த நிலையில் இது பலன் தந்ததாக ஆதாரம் உண்டா?
5. பலன் இல்லை என்றால் அடுத்து என்ன?

சர்க்கரை, சிறுநீரகம், பக்கவாதம், மூட்டு என எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று சொன்னால் ஆறாவது கேள்வியே வேண்டாம். எழுந்து வந்துவிடலாம்.

அப்போ வழியே இல்லையா? செலவில்லாத மீளுருவாக்கம்

இருக்கிறது. விளம்பரம் கிடையாது என்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

நடையும் தசைப் பயிற்சியும்: தசைகளுக்குள் அவற்றுக்கே உரிய ஸ்டெம் செல்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அவை விழிக்கும். 70 வயதிலும் விழிக்கும். தொடைத் தசை வலுவானால் முழங்கால் மேல் விழும் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி மடக்குவதுகூட நல்ல தொடக்கம்.

எடை: 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ சுமை குறையும் என்று ஆய்வு சொல்கிறது.

சர்க்கரையும் புகையும்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் புண் ஆறும் திறன் காப்பாற்றப்படும். பீடி, சிகரெட்டை விட்டால் ரத்த ஓட்டம் சீராகும்.

உணவும் தூக்கமும்: செல்லைக் கட்ட புரதம் வேண்டும். வயதானவர்களுக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் போதாது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் தினமும் ஏதாவது ஒன்றாவது தட்டில் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டால் உடலின் பழுதுபார்ப்பும் கெடும்.

அரசு வசதிகள்: 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. கடைசி நிலைத் தேய்மானத்துக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் இன்றைக்கும் நிரூபிக்கப்பட்ட வழி. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. முதியோருக்கென்றே தனி மருத்துவம் என்பதை டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே தொடங்கிவைத்தார். இன்று கிண்டியில் தேசிய முதியோர் நல மையமே செயல்படுகிறது.

வாங்குவது மட்டுமல்ல, கொடுக்கவும் முடியும்

மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்காமல் காத்திருக்கும் ரத்த நோயாளிகள் ஏராளம். சென்னையில் 2009ல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' பதிவகத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்கள் பெயர் கொடுக்கலாம். முதலில் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி மாதிரி எடுப்பார்கள். யாருக்காவது பொருந்தினால், சில நாட்கள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, தட்டணு தானம் போலவே கையில் இருந்து எடுத்துவிடுவார்கள். கொடுத்தவரின் உடல் அதைத் தானாகவே ஈடுகட்டிவிடும்.

மொத்தத்தில்...

- ரத்த நோய், கருவிழிப் பாதிப்பு: ஸ்டெம் செல் சிகிச்சை நிரூபணமானது.
- ஆரம்ப, நடுத்தர மூட்டுத் தேய்மானம்: ஒப்புதல் பெற்ற மருந்து உண்டு, வலி குறையலாம். 'மூட்டு வளரும்' என்பதற்கு உறுதி இல்லை.
- முதுமையைத் திருப்பிப்போடும் ஊசி: எலிகளில் ஆய்வு நடக்கிறது. மனிதருக்கு என்று விற்பதற்கு இன்னும் எதுவும் இல்லை.

அடுத்த ஆடித்தபசுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால், இன்று மாலையே தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது. நூறு சுற்று முடியாவிட்டாலும், வலி இல்லாமல் ஒரு சுற்று முடிந்தால் அதுவே பெரிய வெற்றி. நகை எதையும் அடகு வைக்கவும் தேவையில்லை.